ஸ்கார்பரோவில் ஓர் 'அன்ரி' வீடு

சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, பேத்திக்குப் பட்டுப் பாவாடை எல்லாவற்றையும் பெட்டியில் திணித்துக்கொண்டு, 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் டொராண்டோவில் போய் இறங்கினேன். கனடாவில் வேலை பார்க்கும் மகளோடும் மாப்பிள்ளையோடும் ஐந்து மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. போன மறு வாரமே பனிப்புயல்! ஒன்று ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. வாசலில் நின்ற கார்கள் எல்லாம் வெள்ளைப் போர்வை போர்த்திய யானைகள் மாதிரி இருந்தன. ஜன்னலோரம் காபி டம்ளரும் கையுமாக நின்று, 'இந்த ஊரில் மனுஷர்கள் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ!' என்று மலைத்துப் போனேன்.

மகள் இருப்பது ஸ்கார்பரோ பகுதியில், மார்க்கம் ரோடு பக்கம். 1998 வரை தனி நகரமாக இருந்து, பிறகு டொராண்டோவோடு சேர்க்கப்பட்ட இடம் அது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் நிறையப் பேர் இங்கேதான் வேர் ஊன்றியிருக்கிறார்கள். கடைத் தெருவில் தமிழ்ப் பெயர்ப் பலகை. கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம். முருங்கைக்காய், கறிவேப்பிலை, நம்மூர் வாரப் பத்திரிகை எல்லாம் உண்டு. கம்பளிக் கோட்டும் பூட்ஸும் மட்டும் இல்லையென்றால், யாழ்ப்பாணத்துக் கடைவீதியில் நிற்கிறோமோ என்று சந்தேகம் வந்துவிடும்!

இந்த ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் எத்தனையோ உண்டு. நான் அதிகம் பார்த்தது ஒரே ஒரு வீட்டைத்தான். என் பேத்தி பகலில் இருக்கும் 'அன்ரி' வீடு.

ஐந்து பேருக்கு மேல் கூடாது

ஆன்ட்டி என்று நாம் சொல்வதை இலங்கைத் தமிழர்கள் அன்ரி என்றே எழுதுவார்கள். அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் அத்தனை பேருக்கும் அவர் அன்ரிதான். அவரைவிட மூன்று வயது மூத்த நானும் அன்ரி என்றே கூப்பிடப் பழகிவிட்டேன்! அவர் என்னை அக்கா என்பார்.

மகளின் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார். காலை ஏழரைக்குக் கதவைத் திறப்பார். "வாங்கோ அக்கா, குளிருக்க நிக்காதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே குழந்தையைக் கையில் வாங்கி, தொப்பி, கையுறை, கழுத்துத் துணி, பனிக் காற்சட்டை, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, பெயர் எழுதிய கொக்கியில் மாட்டுவார். ஐந்து குழந்தைகள், ஐந்து கொக்கிகள். காற்று வாங்க அவர்களை அரை மணி நேரம் வெளியே அழைத்துப் போக வேண்டுமென்றால், உடுத்தவே அரை மணி நேரம் ஆகிவிடும்!

மத்தியானம் சோறு, பருப்பு, காரமில்லாத கறி. சில நாள் புட்டும் வாழைப்பழமும். பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ் ஒருவரின் பிள்ளை இடியப்பத்தைச் சொதியில் பிசைந்து வெளுத்து வாங்குவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். சாப்பாடு ஆனதும் வரிசையாகப் பாய் விரித்து, ஒவ்வொரு முதுகாகத் தட்டிக்கொடுத்துத் தூங்க வைப்பார்.

"ஏன் ஐந்தோடு நிறுத்திவிட்டீர்கள்? இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் வரும்படி வருமே?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அப்போதுதான் சட்டத்தைச் சொன்னார். அவர்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், அரசு உரிமம் இல்லாமல் வீட்டில் குழந்தை பார்ப்பவர்கள் 13 வயதுக்கு உட்பட்ட ஐந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதிலும் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. தனக்கு உரிமம் இல்லை என்பதைப் பெற்றோரிடம் எழுத்தில் தெரிவித்துவிடவும் வேண்டும். அன்ரி அதற்கென்று ஒரு தாள் வைத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாக வீட்டிலேயே நடத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் ஆறு பேர் வரை பார்க்கலாம். மேற்பார்வைக்கு ஆள் வரும். 2022-ல் மத்திய அரசும் மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, உரிமம் பெற்று அந்தத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து நாளைக்கு 22 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே! என் மகள் பிள்ளை பிறக்குமுன்பே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். இடம் கிடைக்காதவர்களுக்கெல்லாம் இந்த அன்ரி மாதிரியானவர்கள்தான் துணை.

நான் மிச்சம் பிடித்த கதை

அன்ரி வாங்கியது ஒரு குழந்தைக்கு நாளைக்கு 45 டாலர். ஐந்து நாளுக்கு 225. நான் போய்ச் சேர்ந்ததும் மகள் ஒரு யோசனை சொன்னாள்.

"அம்மா, நீதான் வந்துட்டியே! செவ்வாயும் வியாழனும் குழந்தையை நீ பார்த்துக்கோ. திங்கள், புதன், வெள்ளி மட்டும் அன்ரி வீட்டுக்கு அனுப்பலாம். வாரத்துக்கு 90 டாலர் மிச்சம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விமான டிக்கெட் பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு! அன்ரியிடம் மகள் சொன்னபோது, "பரவாயில்லை பிள்ளை, அம்மா வந்திருக்கிறா, சந்தோஷமா இருங்கோ" என்றுதான் சொன்னாராம். ஜூலையில் நான் ஊர் திரும்பியதும் பழையபடி ஐந்து நாளும் வருவோம், இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றும் மகள் சொல்லியிருக்கிறாள். அதற்கும் அன்ரி "ஓம், ஓம்" என்றிருக்கிறார்.

இதில் ஒரு தப்பு இருப்பது எனக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை.

சமையலறை மேஜையில் ஒரு நோட்டு

பிப்ரவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. குழந்தையைக் கூப்பிடக் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். பிள்ளைகள் தூக்கத்தில் இருந்தார்கள். "தேத்தண்ணி போடட்டே அக்கா?" என்று கேட்டு அன்ரி அடுப்படிக்குப் போனார். மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு விரிந்து கிடந்தது. முழுக்கக் கூட்டல், கழித்தல். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். கண் தானாக அங்கே போய்விட்டது.

தேநீரோடு வந்தவர் நோட்டை மூடப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வருஷத்தோட இதை விடப்போறன் அக்கா. வேர்ஹவுஸில பெட்டி அடுக்கிற வேலை இருக்காம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் என்று கேட்டேன்.

"கட்டுப்படியாகுதில்லை. 2022-ல வைச்ச காசுதான் இன்னும் வாங்கிறன். சாமான் எல்லாம் விலை ஏறிப்போச்சு."

"அப்படியானால் கட்டணத்தைக் கூட்டிக் கேட்க வேண்டியதுதானே?"

"காசு கதைக்க எனக்கு வாய் வருகுதில்லை அக்கா. பிள்ளையை நெஞ்சில போட்டு நித்திரையாக்கிப்போட்டு, பின்னேரம் தாயிட்ட காசைக் கூட்டித் தா எண்டு எப்பிடிக் கேக்கிறது? பிறகு, 22 டாலர் இடம் கிடைச்சா எல்லாரும் அங்க போயிடுவினம் எண்டும் பயமாக் கிடக்கு."

இரண்டு பேருமாக நோட்டைப் புரட்டினோம். நாலு குழந்தைகள் முழுநேரம்: 900 டாலர். என் பேத்தி மூன்று நாள்: 135. ஆக வாரம் 1,035. பால், பழம், அரிசி, ஈரத் துடைப்பான், விளையாட்டுச் சாமான் என்று செலவு சுமார் 220. மீதி 815. காலை ஏழரை முதல் மாலை ஐந்தரை வரை நாளைக்குப் பத்து மணி நேரம், வாரம் ஐம்பது மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 16 டாலர் 30 சென்ட். அந்த மாகாணத்தில் அப்போது கடைச் சிப்பந்திக்குக்கூடச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர் 20 சென்ட்! ஐந்து குழந்தைகளின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிடக் குறைச்சல். இதில் வீட்டு வாடகை சேரவில்லை. இரவில் பொம்மை கழுவுவது, தரை துடைப்பது சேரவில்லை. சுயதொழில் என்பதால் ஓய்வூதியப் பங்கு இரண்டையும், முதலாளி பங்கு உட்பட, அவரேதான் கட்ட வேண்டும். காய்ச்சல் என்று படுத்தால் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க யாரும் இல்லை.

விலைவாசியோ கேட்க வேண்டாம். கனடாவில் கடை மளிகை விலை 2022-ல் சராசரியாக 9.8 சதவிகிதமும், 2023-ல் 7.8 சதவிகிதமும் ஏறியது. அதாவது 2021-ல் 100 டாலருக்கு வாங்கிய சாமான் இரண்டே வருஷத்தில் 118 டாலர். அன்ரியின் 45 மட்டும் 45 ஆகவே நின்றது.

அப்புறம் என் கண்ணில் பட்டது அந்த வரி. பிப்ரவரி வாரங்களில் செவ்வாய், வியாழன் கட்டங்களில் என் பேத்தி பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு கோடு. வாரம் 90 டாலர் கழித்தல்.

சுருக்கென்றது. நான் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகப் பெருமைப்பட்ட அதே 90 டாலர்! மிச்சமும் இல்லை, சம்பாத்தியமும் இல்லை. இவர் மடியிலிருந்து எடுத்து என் மகள் பையில் போட்டிருக்கிறேன். ஐந்து பேர்தான் என்று சட்டம் இருக்கும்போது ஒரு இடம் காலியானால் அதற்கு மேல் வேறு வழி கிடையாது. ஜூலைவரை இடத்தை வைத்திருங்கள் என்று வேறு சொல்லிவிட்டோம். ஆகவே இன்னொரு குழந்தையையும் சேர்க்க முடியாது.

கல்யாண மண்டபத்தை நாம் ஒரு வேளைக்குத்தான் எடுக்கிறோம் என்றாலும், மண்டபக்காரர் முழுநாள் வாடகை கேட்பார். மிச்ச வேளைக்கு வேறு முகூர்த்தம் பிடிக்க அவரால் முடியாது என்று நமக்குப் புரிகிறது; கொடுத்துவிடுகிறோம். குழந்தை பார்க்கிறவளிடம் மட்டும், வந்த நாளுக்கு மட்டும்தான் காசு என்கிறோம். பகுதிநேரக் குழந்தைக்குத் தேவைப்படுவதும் முழுக் கொக்கி, முழுப் பாய்தான்.

எனக்கு இன்னொரு முகமும் ஞாபகம் வந்தது. 1993 முதல் நாலு வருஷம், திருச்சியில் நான் பள்ளிக்கூடம் போகும்போது இதே மகளைப் பார்த்துக்கொண்டவர் எதிர்வீட்டு அம்மா. மாசம் 150 ரூபாய். நாலு வருஷமும் அதே 150! என் சம்பளம் ஏறியது, பஞ்சப்படி ஏறியது. அவர் கேட்கவில்லை, நானும் கேளாத மாதிரி இருந்துவிட்டேன். தீபாவளிக்கு ஒரு நூல் புடவை வாங்கிக் கொடுத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர் இப்போது இல்லை. 'குழந்தையைப் பேத்தி மாதிரி வைத்துக்கொண்டார்' என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். பேத்தி மாதிரி என்பதாலேயே கூலியைக் குறைத்துக்கொண்டோமோ?

சிவப்புப் பேனா

"ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள் அன்ரி. வாயால் சொல்ல வராததைத் தாளில் சொல்லலாம்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை எழுதி வைத்திருந்தார். இரண்டு பக்கம்! முழங்கால் வலி, பழுதான ஹீட்டர், ஊரில் தங்கையின் ஆபரேஷன் எல்லாம் அதில் இருந்தது. மன்னிக்கவும் என்ற வார்த்தை ஏழு இடத்தில். எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்பது மட்டும் எங்குமே இல்லை! கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பழைய பழக்கம் போகுமா?

எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்வது என்பதற்கு அன்ரியின் வீட்டுக்காரரே வழி காட்டினார். அங்கே வாடகையை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம். 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பு வந்தபோது அன்ரிக்குக் கவலை இருந்ததே தவிர, கோபம் வரவில்லையாம். "முன்னமே சொன்னதால ஆயத்தப்படுத்த நேரம் கிடைச்சுது" என்றார். அப்படியானால் பெற்றோருக்கும் அதே மரியாதை! இரண்டு மாதம் என்று முடிவு செய்தோம்.

கடைசியில் கடிதம் இப்படி ஆயிற்று:

"அன்பான பெற்றோருக்கு, உங்கள் பிள்ளையை என்னை நம்பி விட்டிருப்பதற்கு நன்றி. 2022 முதல் நாள் கட்டணம் 45 டாலராக இருக்கிறது. வருகிற மே 1 முதல் 48 டாலர்.

வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறைவாக வரும் பிள்ளைகளுக்கு நாள் கட்டணம் 52 டாலர். மற்ற நாள்களில் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுப்பேன். வராத நாள்களுக்கும் இடத்தை வைத்திருக்க வேண்டும் என்றால், அந்த நாள்களுக்குப் பாதிக் கட்டணம். வரும் நாள்களுக்கு 48 டாலர்தான்.

மாலை 5.30-க்குப் பிறகு பஸ் தாமதத்துக்காகக் கால் மணி நேரம் பொறுப்பேன். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் 5 டாலர்.

இனி வருஷா வருஷம் மார்ச் மாதம் கட்டணத்தைப் பார்ப்பேன். மாற்றம் இருந்தால் இரண்டு மாதம் முன்பே எழுதித் தருவேன். பேச விரும்பினால் சனிக்கிழமை காலை வாருங்கள்."

அந்தக் கால் மணி நேரத்துக்குக் காரணம் உண்டு. ஸ்கார்பரோ சென்டர் வழியாக ஓடிக்கொண்டிருந்த ரயில் 2023 ஜூலையில் ஒரு நாள் தடம் புரண்டது. அதோடு அந்தப் பாதையை மூடிவிட்டார்கள்; மாற்று பஸ்தான். இரண்டு பெற்றோர்கள் அந்த வழியாக வருகிறவர்கள். அவர்கள் மேல் குற்றமில்லாத தாமதத்துக்கு அபராதம் போட அன்ரிக்கு மனசு வரவில்லை.

"நான் ஏன் கூட்டுறன் எண்டு காரணம் எழுத வேண்டாமே?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

"2022 முதல் அதே கட்டணம் என்று எழுதியிருக்கிறோமே, அதுதான் காரணம். முழங்கால் வலியை எழுதினால் படிக்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள். உங்களுக்கு வேண்டியது பரிதாபமா, கூலியா?" என்றேன். சிரித்துவிட்டார்.

மகளின் கோபம்

திங்கள் மாலை அன்ரி கடிதத்தைக் கையிலேயே கொடுத்து, "வீட்டை போய் வாசியுங்கோ பிள்ளை" என்றிருக்கிறார். வீட்டில் வாசித்த மகளுக்கு முகம் சிவந்தது.

"என்னம்மா இது! இடத்தை வைக்கணும்னா 48-ஆ மூணு நாளு, ரெண்டு நாளுக்குப் பாதி... 192 டாலர்! இப்ப 135 கொடுக்கிறேன். வாரத்துக்கு 57 டாலர் ஒரேயடியாவா?" தாளை மறுபடி பார்த்தாள். "ஆமா, இந்த லெட்டர்ல உன் வாடை அடிக்குதே?"

ஒப்புக்கொண்டேன். "என்னைவிட அன்ரிதான் உனக்கு முக்கியமாப் போயிட்டாங்களா?" என்று பொரிந்து தள்ளினாள். அன்றிரவு தோசைக்கல் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது!

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "நான் மூணு நாள்னு சொன்னப்பவே அன்ரி இதைச் சொல்லியிருக்கலாமே? அப்பவே யோசிச்சிருப்பேனே. மனசுக்குள்ள வச்சிக்கிட்டுப் பரவாயில்லைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" உண்மைதான். வெட்கப்பட்டு 'பரவாயில்லை' என்று சொல்வதும் ஒரு வகையில் எதிராளியை ஏமாற்றுவதுதான். அவள் கடன்காரி ஆனதே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டதே!

மாப்பிள்ளைதான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். "அத்தை வரதுக்கு முன்னாடி 225 கட்டிட்டுதானே இருந்தோம்? இப்ப 192. அதைவிடக் குறைச்சல்தான். நாமதான் 135-ஐ நம்ம வழக்கம்னு நினைச்சிட்டோம்." இன்னொன்றும் சொன்னார். அன்ரி ரசீது கொடுக்கிறார். வேலைக்குப் போகும் பெற்றோர்கள், ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வருஷத்துக்கு 8,000 டாலர் வரை இந்தச் செலவை, விதிகளுக்கு உட்பட்டு, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே கூடுகிற தொகை முழுவதும் கைவிட்டுப் போவதில்லை.

அந்த நேரத்தில் நானும் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டேன். பனியில் வெளியே போக முடியாத வீட்டுக்குள், இரண்டேகால் வயசுச் சுட்டியை வாரத்தில் இரண்டு நாள் முழுக்கச் சமாளிக்க எனக்கு முடியவில்லை. இடுப்பு விட்டுப்போகிறது. பாட்டி என்கிற பெருமையில் வாயைத் திறக்காமல் இருந்தேன். அன்ரியின் 'பரவாயில்லை'யும் என்னுடையதும் ஒரே ஜாதி!

சனிக்கிழமை மகளே போய் அன்ரியிடம் பேசினாள். பாதிக் கட்டணம் கொடுக்கும் இரண்டு நாளும், குழந்தையைக் காலை மட்டும் விட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டோடு கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். "ஓம் பிள்ளை, அதுக்கென்ன" என்றார் அன்ரி. இந்தத் தடவை அந்த 'ஓம்' மனசிலிருந்து வந்ததாம். மகளே சொன்னாள்.

மற்ற குடும்பங்களில் மூன்று பேர் ஒரு பேச்சும் இல்லாமல் சரி என்றார்கள். ஒரு தாய், "நீங்க எப்பக் கேட்பீங்கன்னு காத்திட்டிருந்தேன்" என்று இங்கிலீஷில் சொன்னாராம். நாலாவது குடும்பம் ஏப்ரலில் 22 டாலர் இடம் கிடைத்துப் போய்விட்டது. அன்று அன்ரி சாப்பிடவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் அந்தக் கொக்கிக்குப் புதுப் பெயர் வந்தது, 48 டாலருக்கே. மே மாதம் மறுபடியும் கணக்குப் போட்டோம். வாரம் 1,152, செலவு போக 932, மணிக்கு 18 டாலர் 64 சென்ட். பெரிய பணமில்லை. ஆனால் வேர்ஹவுஸ் பேச்சு நின்றது. "அடுத்த வருஷம் ஏஜென்சியில சேர்ந்து உரிமத்தோட செய்யலாமோ எண்டு பாக்கிறன்" என்றார்.

எனக்கும் இரண்டு காலைப்பொழுது மிச்சம்! பனி உருகி மரங்கள் துளிர்த்த பிறகு, ஸ்கார்பரோ பிளஃப்ஸ் என்கிற ஏரிக்கரைக் குன்றுகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்டாரியோ ஏரியை ஒட்டிச் சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு, சில இடங்களில் 90 மீட்டர் உயரம்வரை, வெள்ளை மண் சுவராக நிற்கின்றன. ஏரியா அது? கரை தெரியாத சமுத்திரம்!

நம்மூருக்கு வந்தால்

நம் ஊர்களிலும் இப்போது எத்தனையோ சகோதரிகள் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சமையலறை மேஜையில் நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். வரவு, செலவு, உழைத்த மணி மூன்றையும் எழுதுங்கள். பகுதிநேரக் குழந்தைக்கு முழுநேரக் கட்டணத்தை நாள் கணக்கில் அப்படியே வகுக்காதீர்கள். மாதம் 25 நாளுக்கு 5,000 ரூபாய் என்றால் நாளைக்கு 200 ஆகிறது. மாதம் 12 நாள் மட்டும் வரும் குழந்தைக்கு 230, 240 என்று வைப்பதில் தப்பே இல்லை; காலியாகக் கிடக்கும் நாளின் பாரத்தில் ஒரு பங்கு அது. கட்டணத்தைப் பார்க்க வருஷத்தில் ஒரு மாதத்தைக் குறித்து வையுங்கள். மூன்று வருஷம் பொறுத்துவிட்டு ஒரேயடியாகக் கூட்டுவதைவிட வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டுவது இரு தரப்புக்கும் வலிக்காது. இரண்டு மாதம் முன்பே, எழுத்தில், தேதியும் தொகையும் போட்டுக் கொடுங்கள். நன்றி ஒரு தடவை போதும். மன்னிப்பு வேண்டவே வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அம்மா வந்தாள், மாமியார் வந்தார் என்று நாள்களைக் குறைக்குமுன், "உங்களுக்கு இதனால் நஷ்டம் வருமா? இடத்தை வைத்திருக்க என்ன தரட்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கட்டணம் கட்டவே முடியாது என்றால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள். நாளைக் குறைத்தோ, நேரத்தைக் குறைத்தோ ஒரு வழி பிறக்கும். 'அவங்க எங்க குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி' என்று சொல்லிக்கொண்டே பேரம் பேசாதீர்கள்.

ஜூலை முதல் வாரம் நான் புறப்படுமுன் விடைபெறப் போனேன். அன்ரி ஒரு பொட்டலம் பருத்தித்துறை வடை கொடுத்தார். கொக்கிகளில் இப்போது பனிக் காற்சட்டைகள் இல்லை. ஐந்து சின்னத் தொப்பிகள் தொங்கின. "அடுத்த மார்ச்சில கடிதம் எழுதுறதுக்கு நீங்கள் இருக்கமாட்டியள் அக்கா" என்றார். கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

திருச்சியில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வந்த மறுநாளே என் பயணக் கதை கேட்க ஓடி வந்தாள். பனியைப் பற்றிச் சொன்னேன், ஏரியைப் பற்றிச் சொன்னேன். பிறகு மெதுவாக, "நீ மாசம் எவ்வளவும்மா வாங்கறே?" என்று கேட்டேன்.